ஐப்பசி முதல் தை வரை: ராமநாதபுரம் கடைவீதியில் எதை எப்போது வாங்கலாம்

துணிக்கும் தின்பண்டத்துக்கும் ராமநாதபுரம் கடைவீதியை நம்பிப் போகலாம். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசிக்கும் போகலாம், ஆனால் நாலு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். நகைக்கும் தீபாவளிச் சீட்டுக்கும் மட்டும் வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாசல்படி தாண்ட வேண்டும். அரண்மனை, சாலைத் தெரு, வண்டிக்காரத் தெரு என்று நகரத்துக் கடைகளையும், கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துக் கடைகளையும் சேர்த்துப் பார்த்தால் இதுதான் எங்கள் தீர்ப்பு. காரணங்களை விரிவாகவே சொல்லலாம்.

முதலில் தேதி. பல ஊர்களில் சீசன் என்றால் தீபாவளி, அதோடு முடிந்தது. இந்தக் கரையில் அப்படி இல்லை. நாலு பண்டிகைக்கு நாலு விதமான பணம் வருகிறது, தள்ளுபடியும் அந்தப் பணத்தின் தேதியைப் பார்த்தே வருகிறது.

மாவட்டத்து நெல் பெரும்பாலும் வானம் பார்த்த பூமியில் விளைவது. புரட்டாசிக்குள் புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் நேரத்தில் தீபாவளி வந்து நிற்கும். உழவு, விதை, உரம் என்று கையிருப்பு மண்ணுக்குள் போயிருக்கும். அறுவடை தை மாதத்தை ஒட்டி. முண்டு மிளகாய்ப் பணம் அதற்கும் பிறகு, மாசி பங்குனியில். அதனால் திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம், முதுகுளத்தூர் பக்கத்து விவசாயிகள் தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணியோடு நிறுத்திக்கொள்வார்கள். பாத்திரம், பீரோ, கட்டில் எல்லாம் பொங்கலுக்கும் அதற்குப் பிறகும்தான்.

கடற்கரைக் கணக்கு வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்போது வாங்கிய கடனை ஆடி ஆவணியில் அடைத்து நிமிரும்போது ஐப்பசி வந்துவிடும். பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நாலு நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் காற்று எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக மீன்வளத் துறை தரும் டோக்கனும் கிடையாது. ஒரு வாரம் படகு கட்டிக் கிடந்தால் பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் கடைகளில் அந்த வாரமே தெரியும். கடலோரக் கத்தோலிக்கக் குடும்பங்களின் பெரிய கொள்முதல் மார்கழியில், கிறிஸ்துமஸுக்கு. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் வெளிநாட்டுப் பணம். அங்கே உச்சம் ரம்ஜானுக்கு. அந்தப் பெருநாள் வருடா வருடம் 10, 11 நாள் முன்னால் நகர்கிறது. 2025இல் மார்ச் கடைசியில் வந்தது, 2030 அளவில் பிப்ரவரி முதல் வாரத்துக்கு வந்துவிடும். அப்போது பொங்கல் சரக்கும் பெருநாள் சரக்கும் ஒரே லாரியில் இறங்கும். தை மாதத்துத் துணிக்கடைத் தள்ளுபடி இப்போது போல இருக்காது.

மாதச் சம்பளக்காரர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. 2025இல் தீபாவளி அக்டோபர் 20. சம்பளம் வாங்கி இருபது நாள் ஆகியிருந்தது. 2026இல் நவம்பர் 8. சம்பளம் கையில் வந்த முதல் வாரம். இப்படி விழும் வருடத்தில் கூட்டம் முழுக்கக் கடைசி ஏழு நாளுக்குள் நெருக்கும், அதுவும் மழை வலுக்கும் நாட்களில். அக்டோபர் மூன்றாம் வாரத்துக்குள் துணியை முடித்துவிடுவது நல்லது. அளவும் நிறமும் கலையாமல் இருக்கும் நேரம் அதுதான். கடைசி வாரத்தில் 38, 40 சட்டை அளவு தீர்ந்து, 36ஐயும் 44ஐயும் காட்டி ஆளை மடக்குவார்கள்.

துணியில் விலையை விட வரியைப் புரிந்துகொள்வது லாபம். 2025 செப்டம்பர் 22 முதல் தைத்த ஆடை ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீத ஜிஎஸ்டி, அதற்கு மேல் 18. வரிக்கு முன் 2,500 ரூபாய் என்றால் பில் 2,625. அதே 2,600 என்றால் பில் 3,068. நூறு ரூபாய் கூடினதற்கு 443 ரூபாய் கூடுதலாகப் போகிறது. எல்லையை ஒட்டிய விலையில் சுடிதார், குர்தா, கோட் பார்க்கும்போது நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரருக்கு நூறு, உங்களுக்கு நானூறு. சேலைக்கும் வேட்டிக்கும் இந்தத் தொல்லையே இல்லை. அவை தைக்காத துணிக் கணக்கில் வருவதால் பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பட்டுக்கும் 5 சதவீதம்தான். பட்டுச் சேலைக்கு 18 சதவீதம் போட்டு பில் நீட்டினால் அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும்.

கைத்தறி என்றால் பரமக்குடி, எமனேஸ்வரம் இந்த மாவட்டத்திலேயே இருக்கும்போது வேறு எங்கும் போக வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கூட்டுறவுச் சங்கங்களின் சரக்கு, கோ-ஆப்டெக்ஸின் 30 சதவீதப் பண்டிகைத் தள்ளுபடி இரண்டையும் முதலில் பார்த்துவிட்டுப் பெரிய கடைக்குள் நுழையலாம். கோ-ஆப்டெக்ஸ் 1935இல் தொடங்கியது. அங்கே விலைச் சீட்டை ஏற்றிவைத்துக் குறைக்கும் வேலை இல்லை, அதனால் 30 என்பது நிஜமான 30. குறை ஒன்று உண்டு: ஆயத்த ஆடை ரகம் குறைவு, இளவட்டங்களுக்குப் பிடித்தது கிடைப்பது அரிது. பட்டு என்று சொன்னால் அசல் பட்டுக்கு உள்ள சில்க் மார்க் அட்டை கேளுங்கள். முந்தானை ஓரத்து நூல் இரண்டை உருவிக் கொளுத்தினால் பட்டு தலைமுடி கருகிய வாடையோடு பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணியாகக் கெட்டிப்படும். அடர்நிறப் பருத்திக்கு ஈரக் கைக்குட்டையின் வெள்ளை மூலையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் இந்த ஊர் உப்புத் தண்ணீரில் முதல் துவைப்பிலேயே வெளுத்துவிடும். எட்டு முழ வேட்டியைக் கடையிலேயே அளக்கச் சொல்வதில் வெட்கம் வேண்டாம், 3.6 மீட்டருக்குக் குறைந்தால் அதை எட்டு முழம் என்று விற்கக் கூடாது.

மின்சாதனக் கடைகள்தான் இந்த வீதியில் வேகமாக மாறியவை. பெரிய தொடர்க்கடைகள் வந்தபின் விலை இறங்கியிருக்கிறது, அது நல்லது. பேச்சிலும் கணக்கிலும் குழப்பம் ஏறியிருக்கிறது, அது நல்லதல்ல. 2025 செப்டம்பர் வரிக் குறைப்பு ஏசிக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் 28இலிருந்து 18 சதவீதமாக வந்தது. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் 2018 முதலே 18தான், அதில் எதுவும் குறையவில்லை. அவற்றுக்கு 'வரி குறைப்புச் சலுகை' என்று பலகை இருந்தால் அது வெறும் பலகை. குறைந்த பொருளிலும் கணக்குத் தெரிய வேண்டும். வரிக்கு முன் 30,000 ரூபாய் ஏசி முன்பு 38,400, இப்போது 35,400. பழைய விலையிலிருந்து இது 7.8 சதவீதம். பத்து சதவீதம் குறைந்ததாக எதிர்பார்த்துப் போனால் மனம் வருந்தும். ஐந்துதான் குறைந்தது என்று சொன்னால் மீதியைக் கேட்க வேண்டும்.

ஏசி வாங்க ஐப்பசி, கார்த்திகைதான் காலம். மழைக்காலத்தில் தேடுவார் இல்லாததால் கடையில் தேங்கும். ஆனால் நட்சத்திர முத்திரையின் செல்லுபடிக் காலம் அதிலேயே அச்சாகியிருக்கும், அதைப் படியுங்கள். 2026 ஜனவரி முதல் ஏசிக்கான அளவுகோல் கடுமையாகிவிட்டது. பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. பழைய சரக்கு நிஜமாக விலை குறைந்து கிடைத்தால் வாங்கலாம், புதிய சரக்கின் விலைக்கு வாங்கக் கூடாது.

கடலோரத்துக்கு என்று தனியாகப் பார்க்க வேண்டியவை உண்டு. கடையில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. உப்புக் காற்று முதலில் தின்பது ஏசியின் வெளி யூனிட்டை. செம்புக் குழாயும், தகடுகளின் மேல் நீலப் பூச்சோ வேறு அரிப்புத் தடுப்புப் பூச்சோ இருப்பதும் அவசியம். பூச்சில்லாத அலுமினியச் சுருள் ராமேஸ்வரத் தீவுக்குள் தாங்காது. மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவிவிட்டால் ஆயுள் கூடும். போர்வெல் தண்ணீரால் கழுவினால் உப்புக்கு மேல் உப்பு. பல நிறுவனங்களின் உத்தரவாதத்தில் துரு சேராது என்று சிற்றெழுத்தில் இருக்கும். 'பத்து வருட வாரண்டி' என்ற அட்டை பெரும்பாலும் கம்ப்ரசருக்கோ மோட்டாருக்கோ மட்டும். கேஸ் நிரப்பும் செலவும் ஆள் கூலியும் அதில் வருமா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

வாஷிங் மெஷினில் தண்ணீர் அழுத்தம்தான் பெரும்பாலானோர் கோட்டை விடும் இடம். முன்பக்கக் கதவு மெஷின்களுக்குக் குறைந்தது 0.3 பார் அழுத்தம் வேண்டும் என்று பல கையேடுகள் சொல்கின்றன. அதாவது தொட்டியின் தண்ணீர் மட்டம் மெஷினின் குழாய்வாய்க்கு மூன்று மீட்டர் மேலே இருக்க வேண்டும். ஒற்றைத் தள வீட்டு மாடியில் தரையோடு வைத்த சின்டெக்ஸ் தொட்டிக்கு இது இழுபறி. தண்ணீர் நிறையாமல் மெஷின் பிழை காட்டும், வருகிறவர் போர்டு போய்விட்டது என்பார். தொட்டியை இரண்டடி மேடை மேல் ஏற்றுவது மலிவு. உப்புத் தண்ணீர் வீட்டில் சூடேற்றும் வசதி உள்ள மெஷினைத் தவிர்க்கலாம். ஹீட்டரில் சுண்ணாம்பு படிந்து முதலில் சுருள் போகும். மேல்கதவு மெஷின், முடிந்தால் பிளாஸ்டிக் அடிப்பகுதி, மாதம் ஒருமுறை குழாய்வாய் வலையைக் கழற்றிக் கழுவுவது. இந்தக் கரைக்கு இதுவே போதும்.

கடைசிக் கேள்வி, எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி: பழுது பார்க்கிறவர் எங்கிருந்து வருவார்? ராமநாதபுரத்திலா, மதுரையிலா? ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். ஊரில் மெக்கானிக் வைத்திருக்கும் கடை ஆயிரம் ரூபாய் கூடுதலாகச் சொன்னாலும் அதையே எடுப்போம். ஃப்ரிட்ஜ் நின்றுபோய், மதுரையிலிருந்து ஆள் வர மூன்று நாள் என்றால் உள்ளே இருக்கும் மீன் மூன்று நாள் தாங்காது. இறக்கி வைப்பது இலவசமா, மண்டபம் தாண்டினால் தனிக் கூலியா, மாடி ஏற்ற யார் கொடுப்பது என்பதையும் பணம் கட்டுமுன் கேட்டுவிடுங்கள்.

தவணையைப் பற்றி. வட்டியில்லா இஎம்ஐ என்பதில் வட்டி இருக்கிறது. பூஜ்ய வட்டித் திட்டங்களை ரிசர்வ் வங்கி 2013இலேயே ஏற்கவில்லை. வட்டியின் அளவைப் பொருளின் விலையில் கழித்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். 36,000 ரூபாய்ப் பொருளுக்கு மாதம் 3,000 வீதம் 12 தவணை என்று வைத்துக்கொள்வோம். ரொக்கம் என்றால் எவ்வளவு என்று கேளுங்கள். 34,000 என்று சொன்னால் அந்த 2,000தான் வட்டி. அதற்கு மேல் நடைமுறைக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத வரி. ரொக்க விலையைக் கேட்காமல் தவணையில் கையெழுத்துப் போட வேண்டாம். கடல் வருமானக்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று: தவணைத் தேதி தடைக்கால மாதங்களிலும் நிற்காது. அக்டோபரில் தொடங்கும் 12 மாதத் தவணையில் ஏப்ரல், மே, ஜூன் மூன்றும் உள்ளே விழும். ஆறு மாதத் தவணை எடுத்தால் ஏப்ரலுக்குள் முடிந்துவிடும்.

நகைக்கு வருவோம். 2025 அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியபின் விற்பனையின் முகமே மாறியிருக்கிறது. எடை குறைந்த நகை, 18 காரட், பழைய நகை மாற்று என்று பேச்சு போகிறது. 'செய்கூலி இல்லை' என்ற பலகையைப் பார்த்ததும் சேதாரம் எத்தனை என்று கேளுங்கள், அதைக் கிராமில் சொல்லச் சொல்லுங்கள். எட்டு கிராம் சங்கிலிக்கு 12 சதவீதம் சேதாரம் என்றால் 0.96 கிராம், ஏறத்தாழ ஒரு கிராம் தங்கத்தின் விலை. பில்லில் நிகர எடை, கல் எடை, தூய்மை, சேதாரம், ஹால்மார்க் கட்டணம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். ஹால்மார்க் கட்டணம் ஒரு உருப்படிக்கு 45 ரூபாயும் வரியும்தான், நகை எத்தனை பவுனானாலும். 2023 ஏப்ரல் முதல் எச்யூஐடி, அதாவது எழுத்தும் எண்ணுமாக ஆறு இடம் கொண்ட, நகைக்கு நகை மாறும் அடையாளக் குறி, கட்டாயம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அதை இட்டால் நகையின் வகையும் தூய்மையும் வர வேண்டும். கையில் இருப்பது மோதிரம், செயலி காட்டுவது கம்மல் என்றால் எழுந்துவிடுங்கள். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. சின்ன மூக்குத்தி, பிள்ளைகளின் கம்மலைத் தெரிந்த கடையில் மட்டும் வாங்குவது அதனால்தான். 18 காரட் நகையில் 750 என்று இருக்கும். அதை 22 காரட்டான 916 விலைக்குப் போடவில்லையா என்று பில்லைப் பாருங்கள்.

பதினோரு மாத நகைச் சீட்டு ஏன் பதினோரு மாதம் என்றால், பொருளுக்கு வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகத் தீர்க்க வேண்டும் என்ற நிறுவனச் சட்ட விதி இருக்கிறது. அதை மீறி இரண்டு வருடம், மூன்று வருடம் என்று கட்டச் சொல்பவர்களிடம் போகாதீர்கள். தெருவுக்குத் தெரு நடக்கும் தீபாவளிச் சீட்டுக்கும் ஒரு பென்சில் கணக்குப் போதும். மாதம் 500 வீதம் பன்னிரண்டு மாதம், 6,000 ரூபாய். கொடுப்பதாகச் சொன்ன எண்ணெய், பருப்பு, இனிப்பு, பட்டாசு, எவர்சில்வர் தட்டு எல்லாவற்றுக்கும் உள்ளூர்க் கடை விலையைப் பக்கத்தில் எழுதிக் கூட்டுங்கள். பட்டாசுப் பெட்டியில் அச்சடித்த விலையைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அதில் 70, 80 சதவீதத் தள்ளுபடி போகத்தான் விற்கிறார்கள். பெட்டியின் நிஜ விலையைப் போட்டதும் பல சீட்டுகளின் கணக்கு 6,000க்கு எட்டாமல் நின்றுவிடும். எட்டுகிற சீட்டானாலும், நடத்துகிறவர் ஓடிவிட்டால் கேட்க ஒரு கையெழுத்துப் போட்ட அட்டையாவது இருக்க வேண்டும்.

பட்டாசை இணையத்தில் வாங்கவே கூடாது. உச்ச நீதிமன்றம் 2018இல் இணைய விற்பனையைத் தடை செய்துவிட்டது. அதனால் முன்பணம் கேட்டு வரும் வலைப்பக்கம் எதுவானாலும் நம்பத் தகாதது. தற்காலிகக் கடைகளுக்கு இடையே மூன்று மீட்டராவது இடைவெளி வேண்டும், ஒன்றுக்கொன்று எதிர்முகமாக இருக்கக் கூடாது, எரியாத கூரை வேண்டும். இவை இல்லாத இடத்தில் பிள்ளைகளோடு நிற்காதீர்கள். ரயிலில் பட்டாசு கொண்டுபோவது குற்றம், பாம்பன் தாண்டிப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். பேருந்திலும் வேண்டாம்.

பொங்கல் பாத்திரத்தில் எவர்சில்வர் வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல சரக்கு என்பார்கள். 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, நிக்கல் குறைவு, கடற்காற்றில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். அடியில் 304 என்ற எண் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பித்தளைப் பானையைத் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லி, ஈயம் பூசியதா என்று கேட்டு, பிறகு எடைக்குப் போடுங்கள். தராசில் தொழிலாளர் துறையின் காலம் முடியாத முத்திரை இருக்க வேண்டும்.

இனிப்புக் கடைகளுக்கு 2020 அக்டோபர் முதல் ஒரு விதி உண்டு: தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும். எழுதாத கடையில் பால் இனிப்பு வேண்டாம். அட்டைப் பெட்டியோடு சேர்த்து எடை போட்டால் பெட்டியின் எடைக்கும் முந்திரிக் கத்லி விலை போகிறது. வெறும் பெட்டியை முதலில் தராசில் வைத்துக் கழிக்கச் சொல்லுங்கள்.

இணையத்தில் வாங்குவது தீவு வரைக்கும் சகஜமாகிவிட்டது. மிக்ஸி, செல்போன், காலணி வரை சரி. பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டு தெரியத் தொடங்கி வெட்டு விழாமல் வீடியோ எடுங்கள். மாற்றிக் கேட்க அதுதான் சாட்சி. பெரிய சாதனங்களுக்குப் பெரும்பாலும் பணம் திரும்ப வராது, மாற்றுப் பொருள்தான் என்பதைச் சொடுக்குமுன் படித்துவிடுங்கள். வீதிக் கடையிலும் 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்ற முத்திரைக்குப் பயப்பட வேண்டாம். பில்லில் சொன்ன நாளுக்குள், நாள் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில் தராததும் அப்படித்தான். 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

இந்த வீதியில் தயங்காமல் முழு மதிப்பெண் கொடுக்கக் கூடியது ஊர்ப் பண்டம். கீழக்கரையின் தேங்காய்ப்பால் இனிப்பான தொதலை எண்ணெய் பிரிந்து வரும்வரை கிண்டியிருந்தால் விரலில் ஒட்டாது, கத்தியால் வெட்டினால் ஓரம் நிற்கும். முகர்ந்தால் தேங்காய்ப்பால் வாடை வர வேண்டும். காறல் வாடை வந்தால் பழசு. வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் அனுப்பும் நாளன்றே கிண்டியதைக் கேட்டு வாங்குங்கள். பனை ஓலைக் கொட்டானில் கட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது, காற்றுப் போவதால் வேர்க்காது. முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் வெளியூர்க்காரர்கள் தீபாவளிக்கு வரும்போது மூட்டையாகக் கேட்கிறார்கள். ஐப்பசியில் இருப்பது போன பங்குனிச் சரக்கு, மழை ஈரம் ஏறியது. குலுக்கினால் விதை உள்ளே சலசலக்க வேண்டும், காம்பு ஒடிய வேண்டும். வருடத்துக்கு வேண்டியதைப் பங்குனியில் வாங்குகிறவர்களுக்குத்தான் நிறமும் காரமும்.

கருப்பட்டியும் அப்படியே, பதநீர் இறங்கும் கோடையில் காய்ச்சியது. சாயல்குடிப் பக்கத்துச் சரக்கை உடைத்துப் பாருங்கள். சீனி கலந்திருந்தால் உடைந்த முகத்தில் பளபளப்பான மணிகள் மின்னும், நல்லது மங்கலாக ஒரே நிறத்தில் இருக்கும். மழை மாதத்தில் நல்ல கருப்பட்டியும் கசியும், அது குறையல்ல. பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து மண்பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, அடுப்படிச் சூடு படும் இடத்தில் வைத்தால் தை வரை நிற்கும், பொங்கல் பானைக்கும் அதுவே ஆகும்.